இரத்தப்பழியும் இறைநீதியும்: பெர்லின் தெஹ்லிரியான் வழக்கு, 1921

1921ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் முற்பகலில், பெர்லின் மாநகரின் சார்லொட்டன்பர்க் பகுதியிலுள்ள ஹார்டன்பர்க் வீதியில் நடந்து சென்றுகொண்டிருந்த ஒருவர், பின்னாலிருந்து தலையில் சுடப்பட்டு அவ்விடத்திலேயே மாண்டார். அண்டை அயலார் அவரை அலி சாலி என்ற பெயரால் அறிந்திருந்தனர். உண்மையில் அவர், உதுமானியப் பேரரசின் உள்துறை அமைச்சராகவும் பின்னர் தலைமை அமைச்சராகவும் இருந்த தலாத் பாஷா. சுட்டவர் ஏறத்தாழ 25 வயதுடைய சோகோமோன் தெஹ்லிரியான் என்னும் ஆர்மேனியர். தம்மை மாணவர் எனக் கூறிக்கொண்டு, அதே வீதியில் எதிர்வரிசை வீடொன்றில் அம்மாதத் தொடக்கத்தில்தான் குடியேறியிருந்தார். இவ்வாறு, கொலையுண்டவரும் கொன்றவரும் தத்தம் மெய்வாழ்வை மறைத்தே அவ்வீதியில் வாழ்ந்தனர்.

இந்நிகழ்ச்சியும் இதனைத் தொடர்ந்த வழக்கும் சட்ட வரலாற்றில் பெரிதும் பேசப்படுவன. எனினும் திருச்சபைப் பணியாளராகிய நாம் இதனை நோக்குவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. கொடுமைக்கு உள்ளான மக்கள் கிறிஸ்தவ மக்கள். வழக்கில் முதன்மையான சான்று பகர்ந்தவருள் ஒருவர் புராட்டஸ்டண்டு இறையியலார். மற்றொருவர் ஆர்மேனியத் திருச்சபையின் குருவானவர். பழிவாங்குதல் ஆண்டவருக்கே உரியது என்று போதிக்கும் நாம், நீதி வழங்க எந்த மன்றமும் முன்வராதபோது துன்புற்றவனிடம் என்ன சொல்லப்போகிறோம் என்ற கேள்வியை இவ்வழக்கு நம்முன் வைக்கிறது.

1. அழிவின் வரலாறு

ஆர்மேனியர் தமிழ்நாட்டுக்கு அறிமுகமற்றவர் அல்லர். சென்னையில் அவர்கள் குடியிருந்த தெருவே மக்கள் வாயில் ‘அரண்மனைக்காரன் தெரு’ எனத் திரிந்து வழங்குகிறது. உலகின் முதல் ஆர்மேனிய இதழ் 1794இல் சென்னையில்தான் அச்சாயிற்று. மேலும், 1834இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷன் சங்கமே அனத்தோலியாவிலும் ஆர்மேனியரிடையே பள்ளிகளையும் சபைகளையும் நிறுவிற்று. தெஹ்லிரியானும் எர்சிஞ்சான் நகரில் தொடக்கக் கல்வியைப் பெற்றது ஒரு புராட்டஸ்டண்டுப் பள்ளியிலேயாம்.

1915 ஏப்ரல் 24ஆம் நாள் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மேனியச் சமுதாயத்தின் அறிஞரும் தலைவரும் கைதுசெய்யப்பட்டனர். அடுத்துவந்த மாதங்களில், உள்துறை அமைச்சராகிய தலாத்தின் ஆணைகளின்படி ஆர்மேனியர் ஊர் ஊராகப் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிரியப் பாலைநிலத்தை நோக்கி நடத்தப்பட்டனர். ஆண்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் வழியில் பசியாலும் நோயாலும் தாக்குதலாலும் மடிந்தனர். எர்சிஞ்சானிலிருந்து புறப்பட்டவருள் பலர் ஐப்பிராத்து நதியின் கெமாஹ் பள்ளத்தாக்கில் மாண்டனர். இறந்தோர் தொகை 10 இலட்சத்துக்கு மேற்பட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் கணிக்கின்றனர்.

போர் தோல்வியில் முடிந்தபின், 1918 நவம்பர் தொடக்கத்தில் தலாத்தும் அவருடைய தோழர்களும் ஜெர்மன் கப்பலொன்றில் தப்பிச் சென்றனர். 1919 ஜூலையில் கான்ஸ்டாண்டிநோபிளின் இராணுவ நீதிமன்றம், அவர் முன்னிலையில் இல்லாமலேயே, அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆயினும் ஜெர்மனி அவரை ஒப்படைக்க மறுத்தது. குற்றவாளியை ஒப்புவிக்கத் துருக்கியைக் கட்டாயப்படுத்தும் விதிகளைக் கொண்ட 1920ஆம் ஆண்டின் செவர் உடன்படிக்கையும் நடைமுறைக்கு வரவில்லை. தீர்ப்பு இருந்தது; அதனை நிறைவேற்றுவார் இலர்.

2. இரட்டை வாழ்வு

இந்த இடைவெளியிலேதான் பழிவாங்கும் எண்ணம் அமைப்பாக உருப்பெற்றது. 1919இல் யெரெவானில் கூடிய ஆர்மேனியப் புரட்சிக் கூட்டமைப்பின் மாநாட்டுக்குப் பின்னர், அழிவுக்குப் பொறுப்பாயிருந்தோரைத் தேடிக் கொல்லும் மறைமுகத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. கிரேக்கரின் பழிதீர்க்கும் தெய்வத்தின் பெயரால் அது ‘நெமெசிஸ்’ எனப்பட்டது. ஷாஹான் நத்தாலி, ஆர்மென் காரோ ஆகியோர் அமெரிக்காவிலிருந்து அதனை நடத்தினர். ஆர்மேனியரின் பெயர்ப்பட்டியலைக் காவல் துறைக்குத் திரட்டிக் கொடுத்தவன் என்று கருதப்பட்ட ஓர் ஆர்மேனியனைக் கான்ஸ்டாண்டிநோபிளில் ஏற்கெனவே சுட்டுக் கொன்றிருந்த தெஹ்லிரியான் அவர்களால் தெரிந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவிற்கு அழைக்கப்பட்டு, அறிவுரை பெற்று, ஜெனீவா வழியாக 1920 டிசம்பரில் பெர்லின் சேர்ந்தார்.

பெர்லினில் அவர் நடத்திய வாழ்வு இருவேறு தளங்களில் அமைந்தது. வெளிப்பார்வைக்கு அவர் ஜெர்மன் மொழி பயிலும் மாணவர். நடனப் பயிற்சிக்கும் சென்றுவந்தார். அடக்கமும் ஒழுங்கும் உடையவர் என்றே அவருக்கு அறை வாடகைக்கு விட்ட பெண்மணிகள் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர். மறைவிலோ, அவர் தோழர்களுடன் கூடித் தலாத்தின் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

இவற்றினூடே மூன்றாவதாக ஒன்றையும் நாம் காணவேண்டும். அது நோயுற்ற மனிதனின் வாழ்வு. அவர் அடிக்கடி மயங்கி விழுந்தார், உறக்கமிழந்தார், நரம்பியல் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார். மாணவன் என்பது வேடமாக இருக்கலாம், நோய் வேடமன்று. தாயையும் உறவினரையும் இழந்த ஒருவரின் உடலே அவ்விழப்பைப் பேசிக்கொண்டிருந்தது.

3. வழக்கு மன்றத்தில்

1921 ஜூன் 2, 3 ஆகிய நாள்களில் வழக்கு விசாரிக்கப்பட்டது. 1915இல் எர்சிஞ்சானிலிருந்து குடும்பத்தோடு தாமும் துரத்தப்பட்டதாகவும், தம் கண்முன்னே தாய் சுடப்பட்டதாகவும், சகோதரனின் தலை கோடரியால் பிளக்கப்பட்டதாகவும், தாம் அடியுண்டு பிணங்களுக்கிடையே கிடந்து பிழைத்ததாகவும் தெஹ்லிரியான் மன்றத்தில் கூறினார். கொலைக்குச் சில நாள்களுக்கு முன் தாயின் உருவம் தோன்றி, தலாத் இங்கிருப்பதை அறிந்தும் வாளாவிருக்கும் நீ என் மகனல்லன் என்று கடிந்துகொண்டதாகவும் சொன்னார். தாம் ஒரு மனிதனைக் கொன்றதை ஒப்புக்கொண்ட அவர், தம்மைக் கொலைகாரனாகக் கருத மறுத்தார்.

அறிஞர் சான்று பகர்ந்தவருள் யோகானஸ் லெப்சியுஸ் குறிப்பிடத்தக்கவர். இவர் புராட்டஸ்டண்டு ஆயர். 1890களில் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பின்னர் ஆர்மேனியரிடையே துயர்துடைப்புப் பணியைத் தொடங்கியவர். 1915 ஆகஸ்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் என்வர் பாஷாவை நேரில் கண்டு மன்றாடியும் பயனில்லாமற்போகவே, 1916இல் தம் அறிக்கையை அச்சிட்டு, தணிக்கையாளர் தடுக்குமுன் ஏறத்தாழ 20,000 படிகளை ஜெர்மன் திருச்சபை வட்டாரங்களுக்கு அனுப்பிவைத்தார். தம் நாட்டின் நேச அரசு செய்த கொடுமையைப் போர்க்காலத்திலேயே வெளியிட்ட துணிவு இவருடையது. ஆயினும் 1919இல் வெளியுறவுத் துறையின் ஒப்புதலுடன் இவர் பதிப்பித்த ஆவணத் தொகுப்பில் ஜெர்மனியின் பொறுப்பைக் காட்டும் பகுதிகள் பல விடப்பட்டிருந்தன என்பது பிற்கால ஆய்வாளர் ஒப்பிட்டுக் கண்ட உண்மை. 1915இல் கைதாகி உயிர்தப்பிய குருவானவர் கிரிகோரிஸ் பாலாக்கியானும் தாம் கண்டவற்றை மன்றத்தில் உரைத்தார். இவர்தம் சான்றுகளால், குற்றவாளிக் கூண்டில் நின்றவர் தெஹ்லிரியானாயினும் விசாரிக்கப்பட்டவர் தலாத்தே என்ற நிலை உருவாயிற்று.

குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனநிலை குறித்து மருத்துவர் ஐவர் பேசினர். அவர்தம் கருத்துகள் முற்றும் ஒத்திருக்கவில்லை. ஜூரர்கள் 12 பேரும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் கலந்தாய்ந்து, குற்றவாளி அல்லர் என்று முடிவு கூறினர். காரணம் எதனையும் அவர்கள் கூறவில்லை. தெஹ்லிரியான் விடுதலை பெற்றார்.

4. மறைந்திருந்த உண்மை

அந்த மன்றம் அறியாதவை இரண்டு. அவர் தனியொருவராகச் செயற்படவில்லை என்பது முதலாவது. சுட்டபின் தப்பியோட முயலாமல் பிணத்தருகே நின்று பிடிபட வேண்டும் என்று தாம் அறிவுறுத்தியதாக நத்தாலி பிற்காலத்தில் எழுதினார். விசாரணை மேடையே அவர்தம் நோக்கம். தெஹ்லிரியானோ, சுட்டவுடன் ஓடிக் கூட்டத்தாரிடம் அகப்பட்டு அடிபட்டார். இரண்டாவது, இன்னும் ஆழமானது: 1915இல் அவர் எர்சிஞ்சானில் இருக்கவேயில்லை. போருக்குச் சற்று முன்னர் தந்தையும் சகோதரரும் இருந்த செர்பியாவிற்குச் சென்ற அவர், பின்பு ருசியப் படையைச் சார்ந்த ஆர்மேனியத் தொண்டர் அணியில் சேர்ந்திருந்தார். ருசியர் 1916 ஜூலையில் எர்சிஞ்சானைக் கைப்பற்றிய பின்னரே அவர் அங்கு சென்று வெறுமையான வீட்டைக் கண்டார். 1953இல் கெய்ரோவில் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளும் பின்வந்த ஆய்வுகளும் இவற்றை வெளிப்படுத்தின.

ஆகவே மன்றத்தில் அவர் கூறிய கதை அவர் கண்ட கதையன்று. அவர் குடும்பத்துக்கும், ஓர் இனம் முழுவதற்கும் நேர்ந்தவற்றை அவர் தம் கண்களால் கண்டதாகச் சொன்னார். இதனை வெறும் வழக்குத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாமா? தந்திரமும் அதில் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும், தாய் மாண்டபோது அருகில் இல்லாமற்போன மகன், இருந்திருக்க வேண்டிய இடத்தில் தன்னைச் சொல்லால் நிறுத்திக்கொண்டான் என்றும் இதனைக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. ‘நீ என் மகனல்லன்’ என்று கனவுருவம் கடிந்ததில் ஒலிப்பது, பிழைத்திருப்பதையே குற்றமாக உணரும் உள்ளத்தின் குரலன்றோ?

5. இறையியல் நோக்கு

ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிடுவதை ஆதியாகமம் 4ஆம் அதிகாரம் கூறுகிறது. அக்கூக்குரலைக் கேட்பவர் கடவுள். ஆனால் அதே அதிகாரத்தில், காயீனைக் கொல்லாதபடி அடையாளம் இடுபவரும் அவரே. இரத்தத்தின் முறையீடு மெய்யானது. அதற்கு விடையாக இன்னொரு கையில் ஆயுதம் கொடுக்கப்படவில்லை. ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில் தீமை செய்வோனைத் தண்டிக்கும் பொறுப்பை ஆளும் அதிகாரத்தினிடம் வைக்கிறார். இவ்விரண்டும் சேர்ந்தே நிற்பவை. ஆளும் அதிகாரம் தன் கடமையைக் கைவிட்டு, திருச்சபையும் பன்னிரண்டாம் அதிகாரத்தை மட்டும் படித்துக் காட்டுமானால், துன்புற்றவன் இருமுறை வஞ்சிக்கப்படுகிறான். தெஹ்லிரியானின் குற்றத்தைப் பேசுவோர், குற்றவாளியை மாற்றுப்பெயரில் வாழவிட்ட அரசுகளின் குற்றத்தையும் பேசக் கடமைப்பட்டவர்.

இதனால் பழிவாங்கல் நியாயமாகிவிடுமா? வரலாறு அதன் விலையையும் காட்டுகிறது. முதலாவதாக, கொலையுண்ட தலாத் எந்த மன்றத்திலும் நேர்நின்று விடை கூறவேயில்லை. இரண்டாவதாக, மெய்யான பேரழிவுக்குச் சான்றாக மெய்யல்லாத சாட்சி வைக்கப்பட்டது. அழிவை மறுப்போர் கையில் அது கருவியாயிற்று. மூன்றாவதாக, பழி தன் எல்லையில் நிற்பதில்லை. 1973 ஜனவரி 27ஆம் நாள், கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில், படுகொலையில் உயிர்தப்பிய முதியவர் குர்கென் யானிக்கியான், ஓவியம் ஒன்றைப் பரிசளிப்பதாகக் கூறி அழைத்து, துருக்கியத் தூதரக அலுவலர் இருவரைச் சுட்டுக் கொன்றார். அவ்விருவரும் 1915இல் பிறந்தே இராதவர். தொடர்ந்த ஆண்டுகளில் துருக்கியத் தூதர் பலர் வெவ்வேறு நாடுகளில் கொலையுண்டனர்.

இதே வழக்கு வேறொரு வழியையும் திறந்தது. போலந்து நாட்டு யூத மாணவரான ரஃபாயேல் லெம்கின், ஒருவனைக் கொன்றவனை விசாரிக்கும் சட்டம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றவனை ஏன் விசாரிப்பதில்லை என்று தம் பேராசிரியரைக் கேட்டார். தெஹ்லிரியானின் துயரை உணர்ந்த அவர், தனி மனிதன் தானே நீதியின் காவலனாக வேண்டிய நிலை கூடாது என்று எண்ணினார். 1944இல் இனக்கொலையைக் குறிக்கும் புதுச் சொல்லை ஆக்கியவர் அவரே. 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை இனக்கொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. அதற்குள் அவருடைய குடும்பத்தாருள் பெரும்பாலோரும் நாஜிகளால் அழிக்கப்பட்டிருந்தனர். அத்தகைய இழப்புக்குப் பின்னும் அவர் தேடியது சட்டத்தையே.

6. சபைக்குரிய பாடம்

தலாத்தின் எலும்புகள் 1943இல் பெர்லினிலிருந்து இஸ்தான்புலுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் நினைவிடம் ஒன்றில் அடக்கம் பெற்றன. 1960இல் சான்பிரான்சிஸ்கோவில் இறந்த தெஹ்லிரியானுக்குக் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் கழுகு பாம்பைக் கொல்லும் உருவம் தாங்கிய நினைவுத்தூண் எழுந்தது. ஒரு மக்களுக்குக் கொடியவன் மறு மக்களுக்கு வீரன். இந்நிலையில் திருச்சபை எந்த நினைவுச் சின்னத்தையும் தனதாக்கிக்கொள்ளாமல், மாண்டோரை நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளது.

ஆயர்களாகிய நமக்கு இதில் நேரிடைப் பொருள் உண்டு. வன்முறையால் உறவினரை இழந்தோர் நம் சபைகளிலும் உள்ளனர். நாள்தோறும் பணிக்குச் சென்று, ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்து, உள்ளத்தில் பழியைச் சுமந்து இரட்டை வாழ்வு வாழ்வோர் இருத்தல் கூடும். அவர்களிடம் மன்னிப்பை விரைந்து கோருவது எளிது. ஆனால் 137ஆம் சங்கீதம் போன்ற கொடிய வேண்டுதல்களையும் வேதம் தன்னுள் வைத்திருப்பது, அச்சினம் கடவுளின் திருமுன் சொல்லப்படத் தக்கது என்பதற்காகவே. அவற்றை நம் வழிபாட்டு ஒழுங்கிலிருந்து நாம் நீக்கிவிட்டால், அச்சினம் வேறிடம் தேடிச் செல்லும். துன்புற்றோன் தன் உண்மையை உள்ளவாறே சொல்லவும், அதைக் கேட்ட சபை அவனுக்காக நீதிமன்றத்தின் வாயிலில் நிற்கவும் வேண்டும். தெஹ்லிரியானுக்கு அத்தகைய இடம் ஒன்று முன்னரே கிடைத்திருந்தால் அவர் வேறு வழி சென்றிருப்பாரா என்பதை எவரும் அறியார். நம் சபையில் அவ்விடம் உண்டா என்பதை நாம் அறியலாம், இல்லையெனில் உண்டாக்கலாம்.