குடிசையிலேயே குணமான காசநோய்

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்கள் தாம்பரம் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணம் 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனை. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் டிபிக்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக ஓய்வு, இதுதான் வைத்தியம். வசதி உள்ளவர்களுக்குச் சரி. குடிசையில் பத்துக்குப் பத்து இடத்தில் ஏழு பேர் படுத்துத் தூங்கும் கூலித் தொழிலாளி என்ன செய்வான்? ஒரு வருடம் படுத்துவிட்டால் வீட்டில் உலை எப்படி வைப்பது? போதாததற்கு, ஆஸ்பத்திரிகளில் கட்டில்களும் ரொம்பக் குறைவு.

பிறகு மருந்துகள் வந்தன. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தார்கள். 1952-ல் விலை மலிவான ஐசோனியசிட் புழக்கத்துக்கு வந்தது. அப்போதுதான் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. மருந்துதான் நோயைக் குணப்படுத்துகிறது என்றால், நோயாளி எதற்காக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும்?

இதற்குப் பதில் சொன்னது லண்டனோ நியூயார்க்கோ இல்லை, நம்ம சென்னைதான்! 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. அதை நடத்தியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழைப் பகுதிகளில் இருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் வைத்தியம், இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலேயே வைத்தியம். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துதான், ஒரு வருடத்துக்கு.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, நெருக்கடி அதிகம், வேலையும் பார்த்தார்கள். முடிவு 1959-ல் வெளியானது. ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமம். வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயமும் பொய்யானது. வீட்டில் வைத்தியம் பார்த்தவர்களின் குடும்பத்தில் டிபி கூடுதலாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே நடந்துவிடுகிறது, மருந்து ஆரம்பித்தபின் அது வேகமாகக் குறைந்துவிடுகிறது என்பதுதான் காரணம். இதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மையத்தார் மருந்தைக் கையில் கொடுத்து ‘போய் வா’ என்று விட்டுவிடவில்லை. வாராவாரம் மருந்து கொடுத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள்.

1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு வைத்தியத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தத் தேடிப் போகும் வேலைக்கு ஆளும் பணமும் போதவில்லை. பாதியில் மருந்தை நிறுத்தியவர்கள் ஏராளம். 1992-ல் நடந்த மறுஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது. அதன்பின் 1997-ல் திருத்திய திட்டம் வந்தது. சுகாதாரப் பணியாளரின் கண் முன்னாலேயே மாத்திரை விழுங்கும் ‘டாட்ஸ்’ முறை அதில்தான் வந்தது. அதற்கும் அடித்தளம் 1960-களில் அதே சென்னை மையம் செய்த ஆய்வுகள்தான்.

நான் வணிகவியல் படிக்கிறவன். எங்கள் பாடத்தில் ‘வாய்ப்புச் செலவு’ என்று ஒன்று உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் இன்னொன்றின் மதிப்பு அது. எங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் பீடி சுற்றும் அக்காமாரை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் பஸ் ஏறி, வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு பகல் போய்விடும். அன்றைக்குப் பீடி சுற்றாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. சென்னைக் குப்பத்துக்காரருக்கும் இதே கணக்குதான். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தாலும் அவருக்கு அது தூரம்தான்.

இந்தக் கணக்கு அரசுக்கும் மெல்லப் புரிந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் இருந்து காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அது 1000 ஆனது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போனது.

ஏழைக்கு வைத்தியம் கிடைக்கிறதா என்று பார்க்க, கட்டில்களை மட்டும் எண்ணினால் போதாது. இந்த வாரம் மருந்து வாங்க வராதவரைத் தேடி யாராவது போனார்களா என்றும் கேட்க வேண்டும். சேத்துப்பட்டு மையம் 1956-லேயே இதைக் கேட்டது, அதனால்தான் குடிசையிலும் நோய் குணமானது.