முதுமையில் நடை மட்டும் போதுமா?

கடந்த மாரியில் என் அம்மா கிணற்றடியில் சறுக்கி விழுந்தார். வயது 71. நல்லகாலம், எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்." மூன்று மாதங்களில், கதிரையிலிருந்து எழும்பவே அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. விழுந்ததைவிட நாங்கள் இருத்தி வைத்ததுதான் அவரைப் பலவீனமாக்கியது என்று இயன்மருத்துவர் சொன்னபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

வயது ஏற ஏறத் தசை தானாகவே குறையும். அசையாமல் இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. கூடவே வாரத்தில் 3 நாட்களாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகள் வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். "கோயிலுக்கும் சந்தைக்கும் நடக்கிறன்தானே, பிறகென்ன?" என்பது அம்மாவின் வாதம். நடை இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் கால் தடுக்கும்போது உடலைத் தாங்கிப் பிடிக்க வலுவான தொடையும் கணுக்காலும் வேண்டும்.

அம்மா தொடங்கியது ஒரு மரக்கதிரையோடு. அதைச் சுவரோடு சேர்த்து வைத்தோம். (பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், தரையில் வழுக்கும்.) கையூன்றாமல் எழும்பி, மெதுவாகத் திரும்ப அமர வேண்டும். முடியாதவர்கள் முதலில் கையூன்றலாம். அடுத்தது, குசினி மேடையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்குவது. பிறகு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றதை வைத்து 10 செக்கன் நிற்பது. இதற்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது.

மூச்சை அடக்கக் கூடாது, இரத்த அழுத்தம் ஏறும். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். பாட முடியாவிட்டால் பரவாயில்லை, அதுதான் மிதமான அளவு. பிரஷர் குளிசை எடுப்பவர்கள் சட்டென்று எழும்பினால் தலைசுற்றலாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோ வழமைக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் 1990க்கு அழையுங்கள்.

முதல் வாரம் 3 தடவை எழும்பிய அம்மா இப்போது 9 தடவை எழும்புகிறார். கிணற்றடிக்குச் சொரசொரப்பாகச் சீமெந்து பூசி, பிடிக்க ஒரு பைப்பும் போட்டிருக்கிறோம். தண்ணீர் அள்ளுவது யார் என்பதில்தான் இன்னும் சண்டை.