செஞ்சிச் சீமைத் துணியும் கிமோனோவும்

செஞ்சி நாயக்கர் 1608-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர் வணிகம் செய்ய இடம் கொடுத்தார். மறு ஆண்டே அவர்கள் ஜப்பானின் ஹிராடோவில் பண்டகசாலை திறந்தனர். சோழமண்டலக் கரைத் துணி அங்கும் போய்ச் சேர்ந்தது. கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரக் கரைசலால் பூவும் கொடியும் தீட்டி, சிவப்புத் தரும் சாயவேரோடு கொதிக்கவிட்ட துணி. அந்தச் சிவப்பு துவைக்கத் துவைக்க மங்காது. சாயக்காரரின் கைத்திறனுக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ‘சரசா’ என்று ஜப்பானியர் போற்றிய அத்துணி விலை மிகுந்தது. கிமோனோவுக்குள் அணியும் உடையாகவும், தேநீர்ச் சடங்கின் தேயிலைத்தூள் சிமிழ்களுக்குப் பையாகவும் தைத்தார்கள். சிறு துண்டைக்கூட வீணாக்கவில்லை.

சோழமண்டலக் கரையிலுள்ள சாந்தோமின் பெயரால் ‘சந்தோமே’ எனப்பட்ட கோடுபோட்ட பருத்தித் துணி ஜப்பானின் எடோ நகரத்தாரிடையே பரவியது. ஜப்பானிய நெசவாளர் அதைப் பார்த்துத் தாங்களே நெய்யத் தொடங்கினர். சரசா வடிவங்களுக்கென்றே 1778-இல் அங்கே ஒரு கையேடும் அச்சானது.