கல்கத்தா திறந்த இரு கதவுகள்

பிழைப்பின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு, ஊரில் எளிதாகக் கிடைத்த ஒன்று அரிதாகி விடுகிறது. மனக்கலக்கம் நேர்ந்த வேளையில் நம் முகத்தைப் பார்த்தே நிலையறிந்து, "இன்னாரிடம் போய்ச் சொல்" என்று வழிப்படுத்தும் பெரியவரின் துணையே அது. அத்தை, மாமன், பள்ளி ஆசிரியர், தெருக்கோடி வைத்தியர் ஆகியோர் இருந்த இடத்தில் இன்று இருவர் நிற்கின்றனர். ஒருவர் வாழ்க்கைப் பயிற்சியாளர். 'லைஃப் கோச்' என்று தம்மை அழைத்துக்கொள்பவர். மற்றவர் மனச்சிகிச்சையாளர். இருவரும் எதிரே அமர்ந்து பேசுகின்றனர், நம் பேச்சைக் கேட்கின்றனர், கட்டணம் பெறுகின்றனர். "உன் வாழ்வு மாறும்" என்ற நம்பிக்கையையும் இருவருமே தருகின்றனர். அவ்வாறாயின் யாரை நாடுவது?

இவ்வினாவுக்கு விடை தேடக் கடல் கடக்க வேண்டுவதில்லை. தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கல்கத்தா நகரின் வரலாறே நமக்குப் போதிய விளக்கம் தருகிறது. வழிகாட்டலுக்கு ஒரு கதவும், சிகிச்சைக்கு வேறொரு கதவும் இந்தியாவில் முதன்முதலில் திறந்தவற்றுள் இந்நகரின் கதவுகளும் உண்டு.

வள்ளுவர் இவ்விரண்டையும் வேறு வேறாகவே வைத்தார் என்பதை முதலில் நினைவு கொள்வோம். அறிவு முதிர்ந்தோரை நாடுவதைப் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமாக்கினார். நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்து தீர்ப்பதை 'மருந்து' என்று வேறோர் அதிகாரமாக்கினார். முன்னது நாற்பத்தைந்தாவது, பின்னது தொண்ணூற்றைந்தாவது. இடையே நாற்பத்தொன்பது அதிகாரங்கள் உள்ளன.

இனி வரலாற்றுக்கு வருவோம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை முறை உளவியலுக்கான பாடத்திட்டம் 1905ஆம் ஆண்டளவில் தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல் அவர்களால் வகுக்கப்பட்டது. ஆய்வுக்கூடம் 1915இல் அமைந்தது. 1916இல் உளவியல் தனித்துறையாயிற்று. இந்தியாவில் அதுவே முதலாவது. அமெரிக்காவில் பயின்று வந்த நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைமை ஏற்றார். மனத்தைப் பற்றிய பேச்சு சமயத்துக்கும் தத்துவத்துக்கும் மட்டும் உரியதாய் இருந்த நாட்டில், அதனை அளந்தும் சோதித்தும் அறியலாம் என்ற துணிவு அங்கே பிறந்தது.

1917ஆம் ஆண்டு நாம் நின்று நோக்கத்தக்கது. அவ்வாண்டில் அப்பல்கலைக்கழகத்தில் இருவருடைய வாழ்வு திரும்பியது. ஒருவர் நம் திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன். 1907இல் இந்திய நிதித்துறை அலுவலராய்க் கல்கத்தா வந்தவர் அவர். பகலெல்லாம் அரசாங்கக் கணக்கைப் பார்த்தார். காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில் ஆராய்ச்சி செய்தார். இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. பல்கலைக்கழகத்தைப் பேணி வளர்த்த ஆசுதோஷ் முகர்ஜி, பாலித் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார். அரசாங்க ஊதியம் மிகுதி. பேராசிரியர் ஊதியம் குறைவு. ராமன் 1917இல் குறைந்ததை ஏற்றார். 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கே ஆசுதோஷ் செய்தது யாது? ராமனுக்கு வேண்டுவது இன்னதென்பது அவருக்கே தெளிவாய்த் தெரிந்திருந்தது. கைகால்கள் கட்டுண்டு கிடக்கவில்லை. உறக்கமும் உழைப்பும் கெடவில்லை. வேண்டியிருந்தது ஒரு வாய்ப்பும், அவரது ஆற்றலில் நம்பிக்கை வைத்து 'வருக' என்று சொல்லும் ஒரு பெரியவரும் ஆவர். இதுவே தூய வழிகாட்டல். நல்ல பயிற்சியாளர் ஒருவரால் செய்யக்கூடியதன் உயர்ந்த எல்லை இது எனலாம்.

மற்றவர் கிரீந்திரசேகர போஸ். ராமனுக்கு ஓராண்டு மூத்தவர், 1887இல் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1910இல் பட்டம் பெற்றார். இளமையிலேயே மாயவித்தையிலும் மனோவசியத்திலும் ஈடுபாடு கொண்டவர். மருந்துக்கு அடங்காத துன்பங்களோடு தம்மிடம் வந்தோரைப் பேச்சினாலேயே குணப்படுத்த முற்பட்டார். மருத்துவராய்த் தொழில் நடத்திக்கொண்டே 1917இல் உளவியலில் முதுகலைத் தேர்வு எழுதித் தேறினார். 'ஒடுக்கப்பட்ட விருப்பங்கள்' பற்றி ஆராய்ந்து 1921இல் டாக்டர் பட்டம் பெற்றார். வெளிவராது அடக்கி வைத்த ஆசை அழிவதில்லை. அது அறியா மனத்தில் தங்கி வேறு உருவில் நம்மை வருத்துகிறது என்பது அவ்வாராய்ச்சியின் கரு. அந்நூலை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். வெகு தொலைவிலுள்ள நாட்டில் தம் துறை இவ்வளவு ஆர்வம் பெற்றிருப்பது கண்டு பிராய்டு வியந்தார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை.

1922இல் கல்கத்தாவின் பார்சிபாகன் சந்தில் 14ஆம் எண் இல்லத்தில் இந்திய உளப்பகுப்புக் கழகம் பிறந்தது. மருத்துவர்களோடு கல்லூரி ஆசிரியர்களும் அதில் அங்கம் வகித்தனர். அதே இல்லத்தில் நண்பர்கள் கூடிப் பேசும் அரட்டைச் சபையும் நடைபெற்று வந்தது. கிரீந்திரசேகரரின் தமையனார் ராஜசேகர போஸ், 'பரசுராம்' என்ற புனைபெயரால் வங்காளிகளைச் சிரிக்க வைத்த எழுத்தாளர். பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு 1931இல் கழகத்தார் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றை அனுப்பினர். அது அவரது மேசையை அணி செய்தது.

போஸ் பிராய்டின் சொல்லை அப்படியே ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு விருப்பத்தின் அடியிலும் அதற்கு எதிரான விருப்பம் ஒன்று மறைந்திருக்கிறது என்றும், இரண்டையும் நோயாளி மாறி மாறி உணரும்படிச் செய்தால் முடிச்சு அவிழும் என்றும் அவர் கருதினார். ஊர் திரும்ப ஏங்குபவன் உள்ளத்தில், திரும்பக் கூடாது என்ற பிடிவாதமும் உறைந்திருக்கலாம். இவ்விரண்டும் இழுக்க நடுவில் நிற்பவனிடம், "நாளைக்கே முடிவு செய், இலக்கை எழுதி வை" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. தடை அறிவில் இல்லை. அறிவுக்கு எட்டாத இடத்தில் உள்ளது.

அந்நாளில் மனநோய் என்றால் மக்கள் அறிந்தவை இரண்டே: பைத்தியக்கார விடுதி; அல்லது வீட்டின் பூட்டிய அறை. இவற்றுக்கு இடையே மூன்றாவது இடம் ஒன்றை போஸ் உண்டாக்கினார். 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநோய்க்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இன்று ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப்படுவது அதுவே. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் வருவோர் நடுவே, மனத்துன்பமுடையோரும் வரிசையில் நின்று மருத்துவரைக் கண்டு மாலையில் வீடு திரும்பலாம் என்னும் நிலை ஏற்பட்டது. பொது மருத்துவமனை ஒன்றில் இந்தியாவில் இத்தகைய பிரிவு அமைந்தது அதுவே முதல் முறை. 1940இல் ராஜசேகரர் அளித்த இடத்தில், நகரின் கீழ்ப்பகுதியிலுள்ள தில்ஜலாவில், லும்பினி பார்க் மருத்துவமனை மூன்றே படுக்கைகளோடு தொடங்கியது. பின்னாளில் அது அரசு மருத்துவமனையாயிற்று.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1938இல், போஸ் தலைமை வகித்த அதே உளவியல் துறையில் பயன்முறை உளவியற் பிரிவு ஏற்பட்டது. எந்தப் படிப்பு, எந்தத் தொழில் ஒருவருக்குப் பொருந்தும் என்று சோதித்துச் சொல்லும் கல்வி, தொழில் வழிகாட்டல் அதன் ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்று. மத்திய அரசு இதற்கெனத் தலைநகரில் ஒரு நிலையம் அமைத்தது 1954இல்தான். நாம் கருத வேண்டியது இங்கேதான் உள்ளது. ஒரே நகரம், ஒரே துறை. ஆயினும் வழி தெரியாத மாணவனுக்கு ஒரு கதவு, வழி தெரிந்தும் நடக்க இயலாத நோயாளிக்கு வேறொரு கதவு என்று பிரிந்து நின்றது. மாணவனை நோயாளியாக்கினால் அவனுக்கு வீண் பழி; நோயாளியை மாணவனாக்கினால் அவனுக்கு வீண் காலம்.

சிகிச்சை செய்யும் உரிமை யாருக்கு என்ற வழக்கு ஐரோப்பாவிலும் எழுந்தது. தியோடர் ரைக் என்பவர் பிராய்டின் மாணவர். உளவியல் கற்றவர், ஆனால் மருத்துவப் பட்டம் இல்லாதவர். வியன்னாவில் அவர்மீது போலி வைத்தியக் குற்றம் சாட்டப்பட்டது. பிராய்டு 1926இல் அவருக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை, இத்துறைக்கே உரிய கடும் பயிற்சிதான் கட்டாயம் என்பது அவர் வாதம். பட்டம் எதுவாயினும் பயிற்சியும் பொறுப்பும் இருத்தல் வேண்டும் என்பதில் இருதரத்தார்க்கும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை.

பயிற்சியாளர் என்னும் தொழிலின் வரலாறு குறுகியது. நம் தாத்தாமார் அறிந்த 'கோச்சு வண்டி'யே இச்சொல்லின் மூலம். மாணவனைத் தேர்வு என்னும் ஊருக்குக் கொண்டு சேர்க்கும் ஆசிரியரை, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர் வேடிக்கையாய் அவ்வாறு அழைத்தனர். அங்கிருந்து அது விளையாட்டுக்குப் போயிற்று. விளையாட்டிலிருந்து வாணிபத்துக்கும், 1990களில் தனிமனித வாழ்வுக்கும் வந்தது. பன்னாட்டுப் பயிற்சியாளர் கூட்டமைப்பு அமெரிக்காவில் தோன்றியது 1995இல். வண்டி என்ற உவமை பொருத்தமானதே. ஏறி அமர்ந்தவர் போகுமிடத்தை அறிந்திருந்தால் வண்டி பயன் தரும். எலும்பு முறிந்தவரை வண்டியில் ஏற்றி விரைவாக ஓட்டினால் வலிதான் மிகும்.

சட்டமும் இவ்வேற்றுமையை ஏற்கிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1992இன்படி மருத்துவமனைசார் உளவியலாளர் தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுவோரின் செய்திகளை வெளியிடாது காப்பதைக் கடமையாக்கியுள்ளது. வாழ்க்கைப் பயிற்சியாளருக்கோ சட்டம் வகுத்த பதிவேடு எதுவும் இல்லை. சிலவாரப் பயிற்சியோடு பலகை மாட்டுவோரும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கற்று நேர்மையாய் உழைப்போரும் உண்டு. வேறுபாட்டைக் கண்டறியும் சுமை நாடிச் செல்பவர் தலைமேல் விழுகிறது.

ஆதலின் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் நன்று. புதிய பதவி, தொழில் மாற்றம், நேரத்தைப் பங்கிடல், மேடையில் பேசும் திறம் என வேண்டுவது இன்னதென்று சொல்லத் தெரிகிறதா? உண்டு உறங்கி உழைக்க முடிகிறதா? எனின், பயிற்சியாளர் போதும். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமோ பசியோ கெட்டிருக்கிறதா? காரணமின்றி நெஞ்சு படபடக்கிறதா? குடி கூடிக்கொண்டே போகிறதா? ஒரே வகைத் துன்பம் ஊர் மாறியும் வேலை மாறியும் உடன் வருகிறதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால் சிகிச்சையாளரை முதலில் காண்க. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

முதற் சந்திப்பில் கேட்க வேண்டியவையும் உண்டு: எங்கே பயின்றீர்? பதிவு உண்டா? உம் எல்லைக்கு அப்பாற்பட்டது நேர்ந்தால் என்னை யாரிடம் அனுப்புவீர்? மூன்றாம் கேள்விக்கு முகஞ்சுளிக்காமல் விடை சொல்பவரே நம்பத்தக்கவர். பயிற்சியாளர் சிகிச்சையாளரிடம் அனுப்புவதும், நலம் பெற்றவரைச் சிகிச்சையாளர் வழிகாட்டியிடம் அனுப்புவதும் அத்தொழில்களின் பெருமையே ஆகும்.

வெளி மாநிலத் தமிழர்க்கு மற்றொரு கவலை மொழி. கிரீந்திரசேகரர் கனவுகளைப் பற்றித் தம் தாய்மொழியாகிய வங்காளத்திலேயே நூல் எழுதினார். வங்காளியின் கனவு வங்காளத்தில் வருவது போலவே நம் கனவும் தமிழில்தான் வருகிறது. அலுவலக விவகாரத்தை ஆங்கிலத்தில் பேசித் தீர்க்கலாம். தாயின் மறைவைப் பற்றி ஆங்கிலத்தில் அழ முடியாது. ஆகவே தமிழறிந்த சிகிச்சையாளர் உள்ளாரா என்று கேட்பது வெட்கத்துக்குரியதன்று. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் உதவுகிறது. எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாதவர் அங்கிருந்து தொடங்கலாம்.

கிரீந்திரசேகரர் 1953இல் மறைந்தார். அவர் முயற்சியால் கல்கத்தாவில் உருவானவை ஒரு புறநோயாளர் பிரிவும், சில படுக்கைகளும், பார்சிபாகன் சந்தில் ஒரு கழகமும் ஆகும். இன்று நம்மவர் வாழும் பெருநகர் ஒவ்வொன்றிலும் பொது மருத்துவமனை மனநலப் பிரிவு உண்டு. அதன் வரிசையில் நிற்பது, காய்ச்சலுக்கு நிற்பதைக் காட்டிலும் ஒரு சிறிதும் இழிவானதன்று.