உழுவதற்கு முன் ஒரு கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்ற பழமொழியை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். விவசாயத்தில் கணக்குப் பார்க்காதே, பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்றுதான் பொதுவாக இதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் பி.காம். படிக்கிற ஒருவன் காதில் இது விழும்போது 'உழுதவன்' என்ற வார்த்தை கொஞ்சம் உறுத்துகிறது. உழுது முடித்த பிறகு பார்ப்பது கணக்கு. உழுவதற்கு முன்னாலேயே பார்த்தால் அதற்கு நம் பாடத்தில் வேறு பெயர். பட்ஜெட்!

நம் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் பட்ஜெட் என்றாலே தொழிற்சாலைதான். ஏதோ ஒரு கம்பெனி, ஏதோ ஒரு பொருள், ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு கூலி, இவ்வளவு மூலப்பொருள். வயலுக்கு யாராவது இப்படிப் பட்ஜெட் போட்டார்களா என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற மாநிலங்களில் நடந்தது. நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்குப் போனது. கடைசியில், ஒரு விவசாயி தன் நிலத்திலேயே இருக்க முடியுமா என்பதற்கு ஒரு மென்பொருளின் விடையை எதிர்பார்க்கும் நிலையில் வந்து நின்றது.

தினமும் வந்த கணக்குப்பிள்ளை

1902-ம் ஆண்டு. மினசோட்டா பல்கலைக்கழகமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து ஒரு ஆய்வைத் தொடங்கின. அதை முன்னெடுத்தவர் வில்லட் ஹேஸ் என்ற பேராசிரியர். கேள்வி ரொம்ப எளிமையானது: ஒரு ஏக்கர் மக்காச்சோளம் விளைவிக்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

விவசாயியைக் கேட்டால் நினைவிலிருந்துதான் சொல்வார். அதனால் ரைஸ், லையன், நார்மன் ஆகிய மூன்று மாவட்டங்களில் சில பண்ணைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குத் தினமும் ஒரு ஆளை அனுப்பினார்கள். நேற்று எந்த வயலில் எத்தனை மணி நேரம் ஆள் வேலை, எத்தனை மணி நேரம் குதிரை வேலை என்று அவர் எழுதிக்கொள்வார். அடுத்த பண்ணைக்குப் போவார். மறுநாள் மறுபடியும் வருவார்.

குதிரையின் கணக்கை யோசித்துப் பாருங்கள். குதிரை வருஷம் முழுக்கத் தின்கிறது, ஆனால் வருஷம் முழுக்க உழுவதில்லை. பனிக்காலத்தில் கொட்டடியில் சும்மா நிற்கிற குதிரையின் தீனிச் செலவை எந்தப் பயிரின் தலையில் கட்டுவது? நாம் 'ஓவர்ஹெட்' என்று இரண்டு பக்கத்துக்கு எழுதுகிற விஷயம்தான் இது. மினசோட்டாவில் அது நான்கு காலோடு நின்றுகொண்டிருந்தது :-)

இப்படிச் சேர்த்த எண்களிலிருந்து பிறந்ததுதான் பயிர்வாரி பட்ஜெட். ஒரு ஏக்கருக்கு விதை இவ்வளவு, ஆள் இவ்வளவு, கருவிகள் இவ்வளவு, வரவு இவ்வளவு என்று ஒரே தாளில் அடங்கிவிடும்.

77 உணவும் ஒன்பது எழுத்தர்களும்

ஒரு பயிருக்குத் தாள் போடுவது சுலபம். சிக்கல் எங்கே என்றால், விவசாயியிடம் இருப்பது ஒரு பயிர் இல்லை. 600 ஏக்கரில் எத்தனை மக்காச்சோளம், எத்தனை சோயா? இரண்டுக்கும் ஒரே டிராக்டர், ஒரே அறுவடை இயந்திரம், ஒரே ஆள். இண்டியானா மாதிரியான இடத்தில் மே மாதத்தின் முதல் பத்து நாட்களைத் தாண்டி மக்காச்சோளம் விதைத்தால் நாளுக்கு நாள் விளைச்சல் குறையும். அந்தப் பத்து நாளில் மழை பெய்தால் வயலில் இறங்கவே முடியாது. ஆக, ஏக்கருக்கு அதிக லாபம் தரும் பயிரை எல்லா ஏக்கரிலும் போட்டுவிடலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

இதற்கு வழி வேறொரு துறையிலிருந்து வந்தது. 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணிதவியலாளர் அமெரிக்க விமானப்படையின் திட்டமிடலுக்காக 'லீனியர் புரோகிராமிங்' கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கினார். கட்டுப்பாடுகள் நிறைய இருக்கும்போது அவற்றுக்குள் சிறந்த கலவை எது என்று கண்டுபிடிக்கும் முறை அது. அதைச் சோதிக்க எடுத்த முதல் பெரிய கணக்கு எது தெரியுமா? சாப்பாடு! 77 உணவுப் பொருட்களிலிருந்து, ஒன்பது சத்துகளும் தேவையான அளவு கிடைக்கும்படி, ஒரு ஆளுக்கு மிகக் குறைந்த செலவில் எதை வாங்குவது என்பது கேள்வி. ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்கு இயந்திரங்களோடு உட்கார்ந்தார்கள். மொத்தம் சுமார் 120 ஆள்-நாள் உழைப்பு பிடித்தது. விடை, 1939 விலைவாசிப்படி வருஷத்துக்கு 39 டாலர் 69 சென்ட்.

ஒரு சாப்பாட்டுக் கணக்குக்கே 120 ஆள்-நாள் என்றால் ஒவ்வொரு பண்ணைக்கும் யார் உட்கார்ந்து போடுவது? அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏர்ல் ஹெடி இந்த முறையை விவசாயப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1958-ல் வில்ஃப்ரெட் கேண்ட்லருடன் சேர்ந்து இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அது பேராசிரியர்களின் கையில்தான் இருந்தது. விவசாயியின் கைக்கு வரக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

1968-ல் இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகம் விவசாயிகளுக்காக ஒரு பயிர்த் திட்டப் பட்டறையைத் தொடங்கியது. விவசாயிகள் நீண்ட படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். நிலம் எவ்வளவு, என்னென்ன இயந்திரங்கள், எந்த வாரத்தில் எத்தனை நாள் வயலில் இறங்க முடியும், எவ்வளவு விளையும், என்ன விலை போகும்... எல்லாம் அதில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் அதைத் தீர்த்து ஒரு பயிர்த் திட்டத்தை அச்சடித்துத் தரும்.

அச்சடித்த திட்டத்தை விடச் சுவாரஸ்யமானது அதற்குப் பிறகு நடந்தது. விவசாயி படிவத்தில் ஒரு எண்ணை மாற்றி, "இப்போது போடுங்கள்" என்பார். இன்னொரு டிராக்டர் வாங்கினால்? பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால்? மே முதல் வாரத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தால் அது எத்தனை டாலருக்குச் சமம் என்பதைக்கூட அந்தக் கணக்கு சொல்லும். நாம் 'மார்ஜினல்' என்று மனப்பாடம் செய்வதை அந்த விவசாயிகள் தங்கள் வயலிலேயே பார்த்தார்கள்.

மற்ற மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'டெல்பிளான்' முறையில் தொலைபேசிப் பொத்தான்களை அழுத்தி எண்களை அனுப்பினால், கம்ப்யூட்டர் குரலில் விடை சொல்லும். நெப்ராஸ்காவில் 1975-ல் 'ஆக்நெட்' வந்தது. பிறகு பக்கத்து மாநிலங்களும் அதில் சேர்ந்துகொண்டன.

1979-ல் ஹார்வர்டில் பிசினஸ் படித்த டான் பிரிக்லினும் அவருடைய நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனும் 'விசிகால்க்' என்ற மென்பொருளை ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் எக்ஸெலில் செய்கிற வேலைக்கெல்லாம் தாத்தா அதுதான். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்ற கட்டங்கள் தானே மாறும். பர்டியூவுக்குப் போய்க் கேட்ட அந்த "மாற்றிப் போட்டால்?" கேள்வியை இனி வீட்டு மேசையிலேயே கேட்கலாம்.

கருவி இருந்தது, கேள்வி இல்லை

இங்கேதான் கதை கசக்க ஆரம்பிக்கிறது.

1972-ல் சோவியத் யூனியன் அமெரிக்கத் தானியத்தை மிகப் பெரிய அளவில் வாங்கியது. விலை ஏறியது, நில விலையும் ஏறியது. வேளாண் அமைச்சர் ஏர்ல் பட்ஸ் வேலி முதல் வேலி வரை விதைக்கச் சொன்னார். 1971-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டுறவு நில வங்கிகள் நிலத்தின் மதிப்பில் 85 சதவீதம் வரை கடன் கொடுக்கலாம். வட்டி பெரும்பாலும் மாறும் வட்டி.

பிறகு எல்லாம் தலைகீழ். விலைவாசியை அடக்க மத்திய வங்கி 1979-லிருந்து பணத்தை இறுக்கியது. 1980 டிசம்பரில் வங்கிகளின் பிரைம் வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது. அதே 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தான் விவகாரத்துக்காக சோவியத்துக்குத் தானியம் விற்க ஜனாதிபதி கார்ட்டர் தடை போட்டார். 1981-ல் ஏக்கர் சராசரியாக 2,147 டாலர் இருந்த அயோவா நிலம் 1986-ல் 787 டாலருக்கு வந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. ஏக்கர் 2,000 டாலருக்கு நிலம் வாங்கிய ஒருவர், 85 சதவீதம், அதாவது 1,700 டாலர் கடன் வாங்குகிறார். ஏக்கருக்கு 120 புஷல் மக்காச்சோளம் விளைகிறது. வட்டி 8 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 136 டாலர், அதாவது புஷலுக்கு 1 டாலர் 13 சென்ட். வட்டி 12 சதவீதமானால் 204 டாலர், புஷலுக்கு 1 டாலர் 70 சென்ட். 1980-ல் விளைந்த மக்காச்சோளத்துக்குப் புஷலுக்குச் சராசரியாக 3 டாலருக்குச் சற்று மேல் கிடைத்தது. 1986-ல் விளைந்ததற்கு ஒன்றரை டாலர்தான். விதை, உரம், டீசல் எதையும் சேர்க்காமல், வட்டி மட்டுமே விற்பனை விலையைத் தாண்டிவிட்டது! (அரசு மானியம் தனியாக வந்தது. அதையும் மீறித்தான் பலர் மூழ்கினார்கள்.)

இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். சிகரெட் அட்டையின் பின்பக்கம் போதும். எழுபதுகளில் கருவி இருந்தது, பட்டறை இருந்தது, போன் போட்டால் விடை சொல்லும் கம்ப்யூட்டரே இருந்தது. ஆனால் 'எந்தப் பயிரில் லாபம் அதிகம்?' என்றுதான் பெரும்பாலும் கேட்டார்கள். 'வட்டி கூடி, விலை பாதியானால் நான் தாங்குவேனா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி லாபத்தைப் பற்றியது, இரண்டாவது கையில் இருக்கும் ரொக்கத்தைப் பற்றியது. கடன் கொடுத்தவர்களும் நிலத்தின் மதிப்பைப் பார்த்தார்களே தவிர, அந்த நிலம் தவணையைக் கட்டுமா என்று போதுமான அளவு பார்க்கவில்லை.

மென்பொருள் எழுதிய தீர்ப்பு

1985-ல் கூட்டுறவு விவசாயக் கடன் அமைப்பே 270 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அதற்குப் பிறகு, அடகு வைக்க நிலம் இருந்தால் மட்டும் போதாது, மாதாமாதம் ரொக்கம் எப்படி வரும், எப்படிப் போகும் என்று காட்டு என்றார்கள் வங்கிக்காரர்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஃபின்பேக்' போன்ற மென்பொருள்கள் இந்தக் காலத்தில்தான் பரவின. 1902-ல் குதிரை வேலையை மணிக்கணக்காக எழுதிய அதே பல்கலைக்கழகம்! விவசாயி தனக்காகப் போட்ட பட்ஜெட், இப்போது அடுத்தவருக்குக் காட்டும் சாட்சியாக மாறிவிட்டது.

உச்சம் இன்னும் இருக்கிறது. வேறு எங்கும் கடன் கிடைக்காத விவசாயிகளுக்குக் கடன் தரும் அரசு அமைப்பு ஒன்று இருந்தது. அதற்குத் தவணை கட்ட முடியாதவர்களின் நிலத்தைப் பறிக்கும் முன், கடனை மாற்றியமைக்க முடியுமா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று 1987-ம் ஆண்டின் விவசாயக் கடன் சட்டம் சொன்னது. அதற்காக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. டி, ஏ, எல், ஆர் என்ற நான்கு எழுத்துகள், கடைசியில் ஒரு டாலர் குறி. இதுதான் அதன் பெயர். வட்டியைக் குறைத்தால், தவணையை நீட்டினால், கடனில் ஒரு பகுதியைத் தள்ளினால், இந்தப் பண்ணை குடும்பச் செலவு போகத் தவணை கட்டுமா? அப்படிக் கட்டுவது, நிலத்தைப் பறித்து விற்பதைவிட அரசுக்கு லாபமா? இதற்கு அது விடை சொல்லும்.

சிலருக்கு அந்த விடை பெரிய பாரத்தை இறக்கிவைத்தது. சிலருக்கு நிலமே போனது. அந்தப் படிவத்தில் விளைச்சல் என்ன, விலை என்ன என்று எழுதிய எண்ணைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும் என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் தப்பாகக் கூட்டாது. ஆனால் அடுத்த வருஷ விலை அதற்கும் தெரியாது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு ஆண்டும் பயிர்ச் செலவு மதிப்பீடு ஒன்றை வெளியிடுகிறது. விதை, உரம், இயந்திரம், நிலத்துக்கான செலவு என்று வரிசையாக எண்கள் இருக்கும். பக்கத்தில் 'உங்கள் மதிப்பீடு' என்று ஒரு பத்தி, முழுக்கக் காலியாக இருக்கும். வாடகைக்கு எடுத்தாலும் விலைக்கு வாங்கினாலும், எந்தப் பண்ணை மென்பொருளிலும் அந்தக் காலிப் பத்தி ஏதோ ஒரு ரூபத்தில் இருக்கும். அதில் நல்ல வருஷத்தின் எண்ணை மட்டும் நிரப்பினால் அழகான லாபம் வரும். மோசமான வருஷத்தின் எண்ணையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பதற்குத்தான் பட்ஜெட். அதை உழுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். உழுத பிறகு பார்த்தால், பழமொழி சொன்ன அந்த உழக்குதான்.