மகப்பேறும் மறைந்திருந்த ஆபத்தும்

பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறவி என்பது நம் முன்னோர் வாக்கு. அரசர் பொருத போர்களுக்கு ஆண்டுக்கணக்கு வைத்திருக்கும் நாம், வீடுதோறும் தாய்மார் உயிரைப் பணயம் வைத்து நடத்திய இந்தப் போருக்கு வரலாறு எழுதி வைத்தோமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்போர் எவ்வாறு நடைபெற்றது என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

முற்காலத்தில் ஊர் மருத்துவிச்சியே பேற்றுக்குத் துணை நின்றாள். அவள் கைப்பழக்கத்தில் வல்லவள்; காயச் சரக்கும் பத்தியமும் அறிந்தவள். ஆயினும், பேறு நன்கு முடிந்த பின்னரும் மூன்றாம் நாளளவில் தாய்க்குக் கடுங்காய்ச்சல் கண்டு உயிர் போவதுண்டு. கொப்பூழ்க்கொடி அறுத்த குழந்தை ஏழெட்டு நாளில் ஏர்ப்புவலி கண்டு இறப்பதுமுண்டு. துடக்கு வீட்டில் புகுந்த தோஷம் என்றனர் சிலர். விதி என்றனர் சிலர். பேற்று வேளையில் பட்ட கையிலும் கத்தியிலும் இருந்த நஞ்சே காரணம் என்று எவரும் எண்ணவில்லை. காரணம் ஒரு நாளிலும் காரியம் மற்றொரு நாளிலும் நிகழுமானால், இரண்டையும் இணைத்துக் காண்பது அரிதன்றோ?

இந்த அறியாமை நமக்கு மட்டும் உரியதன்று. வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையிலும் தாய்மார் இவ்வாறே மடிந்தனர். பிணவறுவை செய்த கையோடு வைத்தியர் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என 1847ஆம் ஆண்டு செம்மல்வைஸ் என்பவர் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்ததும் மரணங்கள் பெரிதும் குறைந்தன. எனினும், உடன் வைத்தியர் பலர் அவரை நம்பவில்லை.

அதே 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, நம்மவரைத் தமிழிலேயே வைத்தியம் பயிலச் செய்த பெரியார் அவர். டப்ளின் வைத்தியர் மான்செல்லின் பிரசவ நூல் 1857இல் தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியினாலேயே. மகப்பேற்றின் ஆபத்துகளை மேல்நாட்டு வைத்தியமுறையில் விளக்கும் நூலொன்று தமிழ் மாணவர் கைக்கு வந்தது.

ஆனால் நூல் வந்ததும் தாய் பிழைத்துவிடவில்லை. வைத்தியர் ஆண், நோயாளி பெண். நாணமும் ஊர்வழக்கமும் இடையே நின்றன. இத்தடையை நீக்கவே, மேரி, மார்கரெட் லீச் என்னும் சகோதரியர் திரட்டிய நிதியைக் கொண்டு, இணுவிலில் 1898இல் மக்லியொட் மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென எழுந்தது. அங்கு இசபெல்லா கேர் முதலிய பெண் வைத்தியர் நெடுங்காலம் பணியாற்றினர். பெண்ணின் சொல்லைப் பெண் கேட்டாள். அறிவு வாசற்படி தாண்டி உள்ளே சென்றது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிற்று. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் பின்னர் கிராமந்தோறும் வீடு தேடிச் சென்றனர். இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களிலோ அத்தொகை 40க்கும் குறைந்தது.

இன்னும் இப்போர் முடியாத இடங்கள் உலகில் உள. கிழக்காபிரிக்காவின் மாசாய் மக்களிடையே, சிறுமியரின் பெண்ணுறுப்பைச் சிதைக்கும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. கென்யா 2011இல் அதனைச் சட்டத்தால் தடுத்தது. அவ்வடு பேற்றின்போது நெகிழ்ந்து கொடாமையால் கிழிவும் குருதிப்பெருக்கும் நேர்கின்றன. ஆறு ஆபிரிக்க நாடுகளில் 28,000க்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் இவ்வாபத்தை உறுதிசெய்தது. பேற்றின் அபாயத்தை மாசாய்ப் பெண்கள் அறியாதவரல்லர். பிள்ளை பெருத்துவிடலாகாது எனக் கருவுற்ற காலத்தில் உணவைக் குறைத்துக்கொள்வோர் அவரிடையே உண்டு. ஆயினும், சிறுவயதில் பட்ட வெட்டுக்கும் ஆண்டுகள் கழித்து வரும் துன்பத்துக்கும் உள்ள தொடர்பு எளிதிற் புலப்படுவதில்லை. நம் பாட்டிமாருக்கு மூன்று நாள் மறைத்ததை, அவர்களுக்குப் பல ஆண்டுகள் மறைக்கின்றன.

ஆகவே, அவர்களை அறியாதார் என இகழ்தல் நமக்குத் தகாது. அத்தொடர்பை அவர்கள் மொழியில், அவர்கள் நம்பும் ஒரு பெண் எடுத்துச் சொல்லவேண்டும். மானிப்பாய் நூலும் இணுவில் மருத்துவமனையும் நமக்கு அளித்தவை அவையிரண்டுமே.