வெந்நீரில் இயந்திரம் ஓடுமா?

ஜொகூர் பாருவிலிருந்து கூலாய், கோத்தா திங்கிப் பக்கம் போனால் செம்பனை ஆலைகளைப் பார்க்கிறோம். ஆலையிலிருந்து குளத்துக்கு ஓடும் கழிவுநீரில் ஆவி பறக்கும். ஏறத்தாழ 80 டிகிரிச் சூடு. இவ்வளவு சூடும் வீணாகிறதே, இதைக் கொண்டு ஓர் இயந்திரத்தை ஓட்டினால் லயத்துக்கெல்லாம் விளக்கு எரியாதா என்று நமக்குத் தோன்றுவது இயல்பு.

சூட்டிலிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்று முதலில் ஆராய்ந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ. 1824இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அருவி விழும் உயரத்துக்கு ஏற்பச் சக்கரம் சுழல்கிறது. அதுபோலச் சூடும் மேலிருந்து கீழே இறங்கும்போதுதான் வேலை செய்கிறது என்றார். எவ்வளவு சூடு இருக்கிறது என்பது மட்டும் போதாது, எவ்வளவு இறங்குகிறது என்பதே பெரிது. எட்டு ஆண்டுகளில், 36 வயதில், வாந்திபேதி கண்டு அவர் இறந்தார். அப்போது அந்நூலைக் கவனித்தவர் வெகு சிலரே.

பின்வந்தோர் அதை எண்ணில் எழுதினார்கள். 80 டிகிரியோடு 273 கூட்டினால் 353. வெளிக்காற்று 30 டிகிரி என்றால் இறக்கம் 50. ஐம்பதை 353ஆல் வகுத்தால் நூற்றுக்கு 14 பங்கு. அதற்குமேல் எந்த இயந்திரமும் தராது.

அந்தப் பதினான்கும் ஏட்டுச் சுரைக்காய்தான். அதை முழுதாகப் பெற இயந்திரம் அசையாததுபோல மெதுவாக ஓட வேண்டும். வேகமாக ஓட்டினால், குழாய்ச் சுவரைத் தாண்டிச் சூடு பாய்வதற்கே இறக்கத்தில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. 1975இல் கனடாவில் கர்ஸன், ஆல்போர்ன் என்ற இருவர் இதற்கும் கணக்குப் போட்டார்கள். இத்தாலியின் லார்டெரெல்லோ பூமிச்சூட்டு மின்நிலையத்துக்குக் கார்னோ கணக்கு 32 பங்கு, இவர்கள் கணக்கு 17.5, நிலையம் உண்மையில் தந்தது 16. நம் ஆலை வெந்நீருக்கு இவர்கள் கணக்கில் 7 பங்குதான். ஆகவே பல ஆலைகள் அந்தச் சூட்டை விட்டுவிட்டு, குளத்தை மூடி, அதில் எழும் வாயுவைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுக்கின்றன.

இதைவிடக் குறைந்த சூட்டை நம்பித் தமிழகத்திலும் ஒரு முயற்சி நடந்தது. கடலின் மேல்நீர் 28 டிகிரி, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 7 டிகிரி. இந்த இறக்கத்தில் கிடைப்பது 3.5 பங்கு, அதிலும் பம்புகள் பங்கு கேட்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டி, சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தூத்துக்குடிக் கடலில் 1 மெகாவாட் மிதவை நிலையம் அமைக்க முயன்றது. அடியிலிருந்து குளிர்நீர் ஏற்றும் நீண்ட குழாயைக் கடலில் இறக்கிப் பொருத்த முடியவில்லை. அதே நிறுவனம் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில் அதே வெப்ப வேறுபாட்டைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்கி, குளிரவைத்து, நாளுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் எடுத்தது. கிணற்றுநீர் உப்பாகிக் கிடந்த அந்தத் தீவு மக்களுக்கு மின்சாரத்தைவிட அது அவசரமாக வேண்டியிருந்தது.